ரெட்டைமான் கம்பனியின் பாம்புகள்

கடுதாசி லியனார்டுக்கு வரவில்லை, தோட்டத்துக்கு வந்திருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது. லியனார்டுக்கு வந்திருந்தால் அதை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அவன் பாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பான். பெரிய தொரையின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த கடுதாசியை அப்படிச் செருகிவிட முடியுமா?

அன்றைக்கு ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து. எழுபத்தொன்பதாம் வருசம், ஆனி மாதம். வட்டவளைப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தெரியாதவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது பிடித்த மழை பத்து மணிக்கும் விடவில்லை. லியனார்டின் பெண்சாதி ஜோசப்பினின் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கு தண்ணீர் குடித்துக் கனத்தது. முதுகில் கூடை அதைவிடக் கனத்தது. கனத்து என்ன பயன்? நிறுக்கும்போது ஈரக் கழிவு என்று இரண்டு றாத்தலை வெட்டிவிடுவார்கள். மழை பெய்தால் தோட்டத்துக்குக் கொழுந்து, கொழுந்துக்காரிக்குக் கழிவு.

ஆபீஸ் தபால்காரன் ஆண்டியப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே வந்தான்.

"ஜோசப்பினு, ஒன் புருசன ஆபீசுல நிறுத்தி வச்சிருக்காரு தொர. ஒன்னையும் வரச் சொன்னாரு."

"என்னா செஞ்சாராம்?"

"எனக்கென்னா தெரியும்? மேசையில ஒரு பாம்பு கெடக்கு. தொர அத மொறச்சிக்கிட்டு இருக்காரு."

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த வீரம்மா நிமிர்ந்தாள். லயத்து வரிசை வீடுகளில் ஜோசப்பினுக்கு அடுத்த காம்பராக்காரி. இரண்டு பேருக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான், அதற்கும் மேலே கூரைவரை அடைப்பு இல்லை, ஆகவே ரகசியம் என்று எதுவும் இல்லை.

"நம்ம பாம்பா இருக்குமோ?" என்றாள் வீரம்மா.

ஜோசப்பின் கூடையை இறக்கி அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தாள்.

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே, தொழிலாளிகள் நிற்கிற சிமெந்துப் படியில் லியனார்ட் நின்றுகொண்டிருந்தான். ஸ்டோரிலிருந்து, அதுதான் தேயிலை அரைக்கிற தொழிற்சாலையிலிருந்து, அப்படியே வந்திருக்கிறான். விரலெல்லாம் கறுப்புப் பெயிண்ட். தேயிலைப் பெட்டிகளுக்குத் தோட்டத்தின் மார்க் போடுகிறவன் அவன். தகரத்தில் எழுத்து வெட்டி, அதைப் பெட்டிமேல் வைத்துப் பிரஷ்ஷால் குத்தி எடுப்பான். இருபது வருசமாகக் கில்வி தோட்டத்துத் தேயிலை எந்தச் சீமைக்குப் போயிருந்தாலும் லியனார்டின் கைக்குத்தோடுதான் போயிருக்கிறது. மழை படாத வேலை. அந்த வேலைக்காரன் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. இன்றைக்கு அது ஒன்றும் முகத்தில் இல்லை.

ஜன்னலுக்கு உள்ளே தொரை உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஏணியும் பாம்பும் அச்சடித்த விளையாட்டு அட்டை விரிந்து கிடந்தது. தொரை சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

"இதில் உள்ள வாசகம் எல்லாம் நீ சொன்னதா? உன் புருசன் அப்படித்தான் சொல்றான்."

ஜோசப்பின் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு வருசம் ஒரே பாயில் படுத்த மனுசன் இத்தனை சுருக்காகத் தன்னைக் காட்டிக்கொடுப்பான் என்று அவள் நினைத்ததில்லை. வந்த கோபத்தில் பாதி அவனுக்குப் போய்விட்டதால் தொரைக்குப் பயப்பட அவளுக்கு மறந்துபோனது.

"ஆமாங்க. சொன்னது நானு. வெட்டிப் போட்டது அவரு."

அந்த அட்டையின் கதை போன நத்தாருக்கு, யேசு பிறந்த பண்டிகைக்குத் தொடங்கியது. கோயில் சீட்டுக் குலுக்கலில் ஜோசப்பினுக்கு அது விழுந்தது. கொழும்பில் ரெட்டைமான் கம்பனி அச்சடித்தது. மூலையில் இரண்டு மான் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். ஏணியின் அடியில் ஒரு நல்ல காரியமும் பாம்பின் வாயில் ஒரு கெட்ட காரியமும் எழுதியிருக்கும். 'அதிகாலையில் எழுந்தான்' என்று ஒரு கட்டம், அங்கே காயை வைத்தால் ஏணியேறி முப்பத்தெட்டுக்குப் போகலாம். 'சோம்பேறியாக இருந்தான்' என்றால் பாம்பு விழுங்கிக் கீழே தள்ளும். விளையாட உட்கார்ந்த முதல் நாளே வீரம்மா காயைக் கீழே போட்டாள்.

"நானும் நாப்பது வருசமா நாலரைக்கு எந்திரிக்கிறேன். எந்த ஏணிடி வந்துச்சு எனக்கு? இதுல சட்ட போட்டுச் சப்பாத்துப் போட்ட புள்ள மேல போறான், பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோசப்பின் சிரிக்கவில்லை. அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு புருசனைப் பார்த்து, "இந்த எழுத்த மட்டும் மாத்திப் போட ஒங்களால முடியுமா?" என்றாள். லியனார்டிடம் முடியுமா என்று கேட்கக்கூடாது. முடியும் என்று காட்டுவதற்காகவே ராப்பகலாக உட்கார்ந்துவிடுவான். பழைய பிஸ்கட் டின்னை வெட்டிச் சின்னச் சின்ன எழுத்துகள் செய்தான். கம்பனியின் வாசகங்களை வெள்ளைப் பெயிண்டால் மறைத்து, காய்ந்த பிறகு அவள் சொன்னதைக் குத்தினான்.

'மழையில் கொழுந்து குறைந்தது, அரைப் பேர்' என்று ஒரு பாம்பு. ஒரு நாள் முழுக்க நின்றாலும் பாதி நாள் சம்பளம் என்பதற்கு அரைப் பேர் என்று பெயர், அது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். 'ஈரக் கழிவு' ஒரு பாம்பு. 'இந்தியாவுக்குப் போகிற கப்பல் சீட்டு வந்துவிட்டது' ஒரு பாம்பு, அது வந்தால் பிறந்த மண்ணைவிட்டு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். உச்சியில் இருந்த நீளப் பாம்புக்கு, 'தொரையிடம் கேள்வி கேட்டாள்'. ஏணிகளுக்கும் குறைவில்லை. 'பிள்ளைக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் இடம்', 'ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலை', 'கங்காணிக்குப் பெண் கொடுத்தான்'. கடைசி ஏணிதான் ஆக நீளம். பாம்பையும் ஏணியையும் அவர்கள் தொடவே இல்லை. தொட என்ன இருந்தது? பாம்பு பாம்பாகத்தான் இருந்தது.

லயத்தில் அட்டையைப் பார்த்தவர்கள் வட்டவளைக் கடையில் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, எங்களுக்கும் போட்டுக் கொடு என்று நின்றார்கள். ஒருத்தி தன் பாத்திக் கோவா கொண்டு வருவாள், ஒருத்தி ஒரு சுண்டு போஞ்சிக்காய். பூண்டுலோயாவுக்குக் கட்டிக்கொண்டு போன பெண் அங்கேயிருந்து ஆறு அட்டை அனுப்பிவைத்தாள். கடைக்காரருக்கு ஒரே சந்தோசம். வருசத்துக்கு நாலு அட்டை விற்காதவர் மாதத்துக்குப் பத்து விற்றார். அந்தச் சந்தோசத்தில் அவர்தான் கம்பனிக்கே எழுதிப்போட்டார், 'அரைப் பேர் போட்ட அட்டை இருந்தால் இரண்டு டசன் அனுப்பவும்' என்று. அவரும் அப்படி ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, கம்பனி புதிதாகப் போட்டது என்றே நினைத்திருக்கிறார்.

கம்பனிக்காரர்கள் விழித்திருப்பார்கள். அரைப் பேர் என்றால் என்னவென்று அவர்களுக்கு யார் சொல்வது? ஆள் அனுப்பி யாரிடமோ ஓர் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அதில் விலாசமே இருந்தது.

அதுதான் லியனார்ட் செய்த தப்பு. மார்க் போடாத பெட்டி ஸ்டோர் வாசலைத் தாண்டக்கூடாது என்பது இருபது வருசப் பழக்கம். வெட்டின தகரத்தை எடுத்தால் கடைசியாகக் கை தானாகத் தோட்டத்து மார்க்குக்குப் போய்விடும். ஒவ்வோர் அட்டையின் கீழ்மூலையிலும் 'கில்வி' என்று பெட்டிக்குப் போடுகிற அதே மார்க்கைக் குத்தி, பக்கத்தில் நம்பரும் போட்டிருந்தான். கம்பனி வாங்கின அட்டையின் நம்பர் அறுபத்தொன்று.

"தோட்டம் எங்கள் சரக்கைக் களவாடி விற்கிறது என்று கம்பனி எழுதியிருக்கிறது," என்றார் தொரை. "வழக்குப் போடுவதாக எழுதியிருக்கிறது. உன் புருசன் மேலே அல்ல. என் மேலே."

"நாங்க ஒண்ணும் விக்கலிங்க."

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கம்பனி மனேஜர் வருகிறார். எல்லா அட்டையும் இங்கே வரவேண்டும். அவர் முன்னால் கொளுத்த வேண்டும். கம்பனிக்குச் சொந்தமானது கம்பனிக்குப் போகட்டும், தோட்டத்துக்குச் சொந்தமானது தோட்டத்துக்கு வரட்டும். அதோடு இந்தக் காகிதத்தில் இவன் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் காம்பராவும் இல்லை."

காகிதத்தைக் கிளாக்கர் தமிழில் வாசித்துக் காட்டினார். 'ரெட்டைமான் கம்பனியின் சொத்தைத் திருடி, உருமாற்றி...' என்று தொடங்கியது. அதற்கு மேல் ஜோசப்பின் காதில் விழவில்லை.

அன்று பொழுது சாயும் முன்பே அடுப்பு மூட்டினாள். ஈர விறகு. புகைக்கு நடுவே ரொட்டியைத் தட்டிப் போட்டாள், பச்சை மிளகாய்ச் சம்பலை அம்மியில் வைத்து அரைத்தாள். அரைத்த வேகத்தில் அம்மி நகர்ந்தது. லியனார்ட் முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து விரலை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கையெழுத்துத்தானே புள்ள," என்றான். "ஒரு கோடு. வச்சிட்டா முடிஞ்சிரும்."

"என்னான்னு எழுதியிருக்குன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"திருடின்னு இருக்கு."

"இருந்துட்டுப் போவுது. ஸ்டோரு வேல போனா நான் என்னா செய்வேன்? நாப்பத்தஞ்சு வயசுல மலையில செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி தூக்கச் சொல்றியா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கிட்டு எந்த ரோட்டுல நிக்கிறது?"

"அந்தப் பொட்டப் புள்ளைங்களுக்குத்தான் சொல்றேன். நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தா, அப்பன் திருடன்னு அவரே எழுதிக் குடுத்திருக்காருன்னு ஆபீசுல காகிதம் கெடக்கும். எதத் திருடினீங்க? சொல்லுங்க. யாரு கடையில, எத்தன மணிக்கு?"

"எனக்குத் தெரியாது. மார்க்கப் போட்டது தப்பு."

"அது தப்பு. அதுக்கு நூறு தரம் மன்னிப்புக் கேளுங்க, நானும் கூட நிக்கிறேன். செஞ்ச தப்புக்குக் கையெழுத்து வைங்க. செய்யாததுக்கு ஏன் வைக்கிறீங்க?"

சுவருக்கு மேலே இருந்து வீரம்மாவின் குரல் வந்தது. "அண்ணே, காட்டிக் குடுத்ததுக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுருங்க!"

லியனார்ட் ரொட்டியைத் தொடாமல் எழுந்து போய்விட்டான். அவளுக்கும் இறங்கவில்லை. பயந்த மனுசன்மேல் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? காம்பரா போய்விடும் என்ற பயம் அவளுக்கும்தான் இருந்தது. அந்தப் பயத்தை அவள் திட்டிக்கொண்டே சுமந்தாள், அவன் வாயை மூடிக்கொண்டு சுமந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போனார்கள். அங்கே அந்தோனிமுத்து என்று ஒரு பெரக்கிராசி. தோட்டத்துப் பிள்ளை, படித்து வக்கீலானவர். ஏழை எளியவர்கள் வந்தால் வீட்டிலேயே உட்கார்த்தி வைத்துப் பேசுவார். அட்டையை விரித்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக வாசித்தார். கங்காணிக்குப் பெண் கொடுத்த ஏணியில் வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம்தான் கடுதாசியைப் படித்தார். சிரிப்பு போய்விட்டது.

"இந்த வெளையாட்டு யாரு வீட்டுச் சொத்தும் இல்லம்மா. பழங்காலத்துது. ஆனா இந்தப் பாம்ப வரைஞ்ச கை, கம்பனிகிட்ட சம்பளம் வாங்கின கை. அதனால இந்தப் பாம்பு கம்பனிது."

"நாங்க கடையில வாங்கினதுங்களே, ஐயா."

"காகிதத்த வாங்கினீங்க. படத்த வாங்கல. ஒரு சேல வாங்கினா நீ அத உடுத்தலாம், வெட்டித் தலகாணி உறை தைக்கலாம், எவனும் கேக்க மாட்டான். அதே பூவ அச்சு செஞ்சு வேற துணியில அடிச்சா, கேப்பான்."

"நாங்க வேற துணியில அடிக்கலையே. அவங்க பாம்ப வேற எங்கயும் வரையலையே. அவங்ககிட்ட வாங்கினதுலதானே மாத்தினோம்?"

"அதான் ஒங்க பக்கம். நல்ல பக்கம். இப்ப அவங்க பக்கத்தக் கேளு. மேல ரெட்டைமான் முத்திர இருக்கு. கீழ தொரையப் பத்தி வாசகம் இருக்கு. பாக்குறவன் கம்பனியே தொரைமாரக் கிண்டல் பண்ணுதுன்னு நெனப்பான். எங்க பேரு கெட்டுப்போச்சும்பான்."

"ரெட்டமான அழிச்சிருந்தா?"

"அழிச்சிருந்தா, எங்க சரக்க ஒங்க சரக்குன்னு காட்டுனீங்கம்பான்."

"வச்சாலும் குத்தம், அழிச்சாலும் குத்தமா?" ஜோசப்பினுக்குச் சுறுசுறுவென்று வந்தது. "அப்ப எதுதாங்க எங்களுது?"

பெரக்கிராசி கண்ணாடியைக் கழற்றினார். "வாசகம். அரைப் பேரும் ஈரக் கழிவும் ஒங்களுது. அத எந்தக் கோட்டும் கம்பனிக்கு எழுதிக் குடுக்காது."

"வழக்குப் போட்டா யாரு ஜெயிப்பாங்க?"

"பொய் சொல்ல மாட்டேன். தெரியாது. புதுச்சட்டம் வருதுங்கிறாங்க, பழசுலயும் ரெண்டு பக்கமும் பேசலாம். இப்படி ஒரு வழக்க நான் பாத்ததில்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன். திருட்டுங்கிற சொல்லுக்குக் கீழ கைய வைக்காதீங்க. தொரை வேலைய நிறுத்தினா நான் பேசிப் பாக்குறேன். மார்க் விசயத்துல அவரு கோவம் நியாயமான கோவம், அதுக்கு நான் வாதாட முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜோசப்பின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வழியில் தெரிந்த லயங்களையும் அவற்றின் பின்னால் இருந்த சின்னச் சின்னக் காய்கறிப் பாத்திகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பாத்திகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எந்தத் தொரையும் மீறினதில்லை. மண் தோட்டத்துடையது, நட்டது நட்டவனுடையது. குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போனால் கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டுப் போகும். நாலு வருசத்துக்கு முன்னால் லயத்துக்குப் பின்னால் நாற்று மேடை போடவேண்டும் என்று இதே தொரை ஒரு வாரம் தவணை கொடுத்தார். "உங்க கிழங்கை எடுத்துக்கொண்டு போங்க, மண்ணை விடுங்க" என்று அவர் வாயால்தான் சொன்னார். பிஞ்சுக் கிழங்கு. அழுதுகொண்டே தோண்டினார்கள். ஆனாலும் நியாயம் நியாயம்தானே.

ஜோசப்பின் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவங்க கெழங்கு, நம்ம மண்ணு" என்று வாய்விட்டுச் சொன்னாள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வீரம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, கத்திரிக்கோல் இருக்கா? இல்லாட்டி பிளேடு."

விசயத்தைக் கேட்ட வீரம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அடி பாவி! நல்ல அட்டையப் பீத்தலாக்கச் சொல்றியா? என் வீட்டுல இருக்கிற ஒரே கலர் படம் அதுதாண்டி!"

"கொளுத்துறதுக்குக் குடுக்கப் போறியா? வெள்ளிக்கிழம மொத்தமாச் சாம்பலாப் போவும். பாம்பு அவங்களுது. வெட்டிக் குடுத்துருவோம். ஏணியும் அவங்களுது. மானும் அவங்களுது. எடுத்துக்கிட்டுப் போவட்டும். மிச்சத்துக்கு எவன் வருவான்?"

வீரம்மா உள்ளே போய் அட்டையையும் கத்திரிக்கோலையும் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள். "மொத மொத என்னுத வெட்டு. மனசு மாறுறதுக்குள்ள."

செய்தி லயம் லயமாகப் போனது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வேலை விட்டதும் வெட்டு. பூண்டுலோயா அட்டைகளும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. லியனார்ட் முதல் இரண்டு நாளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இஸ்தோப்பின் மறுமுனையில் பீடியைப் புகைத்துக்கொண்டு, "என்ன ரோட்டுக்கு அனுப்பாம விடமாட்டா" என்று தூணிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஒருத்தி கவ்வாத்துக் கத்தியை வைத்து அறுத்ததில் பாம்பின் வால் கிழிந்துபோனது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனால் தாங்க முடியவில்லை. இருபது வருசம் தகரத்தில் எழுத்து வெட்டினவன், ஒரு வெட்டுக் கோணினாலே அவனுக்குச் சோறு இறங்காது.

"கொண்டாங்க இங்க!" என்று எழுந்து வந்தான். "என்னா வெட்டு இது, எலி கொறிச்ச மாதிரி? நாக்க விட்டுட்டீங்க, பாருங்க. நாக்கும் அவனுதுதான்."

பிளேடை வாங்கி உட்கார்ந்தான். பாம்பின் நாக்கு, வளைவு, வால் நுனி என்று ஒரு மயிரிழை பிசகாமல் எடுத்தான். ஏணிகளின் படிக்கு நடுவே இருந்த எழுத்தைக்கூட அட்டையிலேயே நிறுத்திவிட்டு ஏணியை மட்டும் உருவினான். கடைசியாக ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் இருந்த தோட்டத்து மார்க்கை நம்பரோடு சதுரமாக வெட்டி, நம்பர் வரிசைப்படி நூலில் கட்டினான். கம்பனியிடம் போன அறுபத்தொன்றைத் தவிர ஒன்றுமுதல் அறுபத்துமூன்றுவரை எல்லாம் இருந்தன. ஜோசப்பின் அவனுக்கு வெறுந்தேத்தண்ணி ஊற்றி, பனங்கட்டியை உடைத்துப் பக்கத்தில் வைத்தாள். இந்த மனுசனை அவளுக்கு மறுபடியும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை பகல் நிறுவை முடிந்ததும் ஆபீஸ் முற்றத்தில் கூட்டம். கூடையை இறக்காமலே பெண்கள் வந்து நின்றார்கள். கம்பனி மனேஜர் கழுத்தில் டையும் கையில் குடையுமாகத் தொரைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். முற்றத்தில் கொளுத்துவதற்குத் தகரப் பீப்பாய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்கள். மழைக்கு அதில் பாதித் தண்ணீர் நின்றது.

"அட்டைகள் எங்கே?" என்றார் தொரை.

ஜோசப்பின் படியேறி, கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்கி மனேஜரின் காலடியில் கவிழ்த்தாள். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகப் பாம்புகள் கொட்டின. மனேஜர் காலைத் தூக்கிக்கொண்டார், காகிதப் பாம்பு என்று அவர் காலுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. பின்னாலேயே வீரம்மா ஏணிகளைக் கொட்டினாள்.

"என்ன இது?" என்றார் மனேஜர்.

"ஒங்களுதுங்க. பாம்பு, ஏணி, ரெட்டமான். ஒண்ணு கொறையாது. ஒரு பாம்புக்கு மட்டும் வால் கிழிஞ்சி போச்சு, அதுக்கு மன்னிச்சிருங்க."

"நாங்கள் அட்டையைக் கேட்டோம்!" என்றார் மனேஜர்.

"அட்டைய நாங்க கடையில வாங்கினோம். படம் ஒங்களுதுன்னீங்க, குடுத்துட்டோம். மிச்சம் இருக்கிறது எங்க காகிதமும் எங்க பேச்சும்."

"இது சேதப்படுத்தல்! கம்பனிப் பொருளை வெட்டி நாசம் செய்திருக்கிறீர்கள்."

"நீங்க மொத்தமாக் கொளுத்தத்தானே வந்தீங்க?" என்றாள் ஜோசப்பின். "நாங்க வெட்டினா நாசம், நீங்க கொளுத்தினா என்னாங்க?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனேஜர் தொரையைப் பார்த்தார். தொரை பாம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது லியனார்ட் முன்னால் வந்து, நூலில் கட்டின சதுரங்களை ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

"இது தோட்டத்து மார்க்குங்க. ஒங்க அனுமதி இல்லாம போட்டேன். அது என் தப்பு. அதுக்கு எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்." கையெழுத்துக்காக வைத்திருந்த காகிதத்தைக் காட்டினான். "அந்தக் காகிதத்துல போட மாட்டேங்க. இருவது வருசத்துல ஒத்தப் பெட்டிக்கு நான் பொய் மார்க் போட்டதில்ல. என் மேல நானே பொய் மார்க் போட்டுக்க மாட்டேன்."

தொரை அந்தச் சதுரங்களை எடுத்து விரலால் புரட்டினார். நம்பர் வரிசை பிசகவில்லை. அவர் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அதைக் கொண்டு என்ன செய்வதென்று தெரியாத கோபம்.

"திங்கட்கிழமையில் இருந்து நீ ஸ்டோர் பக்கம் வரவேண்டாம்," என்றார் கடைசியில். "மலைக்குப் போ. கவ்வாத்து."

"காம்பராங்க?" என்றாள் ஜோசப்பின்.

"வேலை இருக்கிறவனுக்குக் காம்பரா இருக்கும்." மனேஜர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கையெழுத்து இல்லாத காகிதத்தை மனேஜர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வழக்குப் போடுவோம் என்று அவர் சொன்னார். போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போடாதீர்கள் என்றும் யாரும் கெஞ்சவில்லை. பெண்கள் கூடையோடு அப்படியே நின்று, டிரைவர் பாம்புகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் காரின் பின்னால் போடுவதைக் கடைசிப் பாம்புவரை பார்த்துவிட்டுத்தான் மலைக்குத் திரும்பினார்கள்.

அடுத்த வாரம் முழுக்க லியனார்ட் மழையில் நின்று கவ்வாத்து வெட்டினான். கை இரண்டும் கொப்புளம் கட்டி உடைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் ஜோசப்பின் அவன் கைக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டுத் துணி சுற்றினாள். அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மார்க் போடுகிற வேலைக்கு இன்னொருவனை வைத்திருக்கிறார்கள், எழுத்துக் கோணலாக விழுகிறது என்று மட்டும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது. அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

வீரம்மா தன் அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "வாங்கண்ணே, ஒரு ஆட்டம். கையில்லாட்டி என்னா, வாயால சொல்லுங்க, நான் காய வைக்கிறேன்."

இஸ்தோப்பில் அட்டையை விரித்தார்கள். பாம்பு இருந்த இடத்தில் பாம்பின் வளைவிலேயே ஓட்டை, ஓட்டை வழியே சிமெந்துத் தரை தெரிந்தது. எழுத்துகள் மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றன. தாயம் உருட்டினார்கள். நாலாவது சுற்றில் வீரம்மாவின் காய் ஈரக் கழிவில் போய் விழுந்தது. "எழவு!" என்று சொல்லிக்கொண்டே, பழக்க தோசத்தில் காயை எடுத்து ஓட்டை ஓரமாகக் கீழே நகர்த்தினாள்.

ஜோசப்பின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் எறங்குற?"

"கழிவுல விழுந்துட்டேன்ல?"

"விழுந்தா? முழுங்குறதுக்குப் பாம்பு எங்க இருக்கு? கொழும்புல இருக்கு. காய அங்கயே வை."

வீரம்மா அட்டையைப் பார்த்தாள், ஜோசப்பினைப் பார்த்தாள், லியனார்டைப் பார்த்தாள். காயைப் பழைய கட்டத்திலேயே திரும்ப வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏண்டி, அப்ப ஏணியும் இல்லியே?"

"இல்ல," என்றாள் ஜோசப்பின். "நடந்தே போவோம். உருட்டு."